சாயும் மரத்தை யார், எப்படி இறக்க வேண்டும்?

2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயல், சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தப் பயம் திரும்பி வருகிறது.

எது ஆபத்தான மரம்?
அடியில் மண் வெடித்திருந்தால், தண்டில் பொந்தோ காளானோ தெரிந்தால், கால்வாய் வேலையில் வேர் அறுபட்டிருந்தால் உஷார்.

எப்படி இறக்குவாங்க?
நெருக்கமான தெருவில் மரத்தை அடியோடு சாய்க்க இடமிருக்காது. அதனால் ஏறுபவர் பெல்ட், கயிறு மாட்டிக்கொண்டு மேலே போய், கிளை கிளையாக அறுப்பார். முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் சின்ன வெட்டு. பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து. இல்லையென்றால் பட்டை உரிந்து, கிளை அவர் பக்கமே திரும்பலாம். பெரிய துண்டுகளைக் கீழே இருப்பவர்கள் கயிற்றில் மெல்ல இறக்குவாங்க. உளுத்த மரத்தில் ஏறவே கூடாது. ஏணி வண்டிதான் வேண்டும்.

யாரைக் கூப்பிடணும்?
தெருமரத்தைக் குடியிருப்போரே ஆள்வைத்து வெட்டக் கூடாது. அம்பத்தூர், சென்னை மாநகராட்சியின் 7வது மண்டலம்: எண் 1913. ஆவடிக்குத் தனி மாநகராட்சி, பூந்தமல்லிக்கு நகராட்சி இருக்கின்றன. கிளை ஒயரில் உரசினால் மின்னகம்: 94987 94987. கரன்ட்டை நிறுத்தாமல் யாரும் ஏறக் கூடாது.

வீட்டு மரத்துக்கும் இதே கவனம் தேவை. கூலி குறைவு என்று கயிறில்லாமல் ஒருவரை ஏற்றினால், ஆபத்து நீங்குவதில்லை. அவர் தலைக்கு மாறுகிறது.