பணிக்குச் செல்வோரின் பாதையும் அரசின் கடனும்

ஒருவர் தம் இல்லத்தினின்று நீங்கிப் பணியிடத்தை அடைவதற்கும், பணி முடிந்து பொழுதோடு வீடு மீள்வதற்கும் செலவிடும் நேரம், ஊதியப் பட்டியலில் எங்கும் இடம்பெறாவிடினும், அவர்தம் உழைப்பின் ஒரு பகுதியே என்பதை அரசும் வேலைகொள்வோரும் ஏற்றாக வேண்டும். அந்நேரம் அளவுகடந்து நீளுமாயின், அவரை எதிர்பார்த்திருக்கும் மாணவரும் நோயாளரும் அவ்விழப்பில் பங்கேற்க நேர்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அன்றாடப் பயணங்களை இந்நோக்கில் ஆராய்ந்து ஒழுங்குசெய்யும் கடமை நெடுங்காலமாகத் தட்டிக்கழிக்கப்பட்டு வருகின்றது.

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியபின், வலிகாமத்து உழைப்பாளர் பலர் வடக்கு நோக்கியே வேலைக்குச் சென்றனர். 1990இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அதே ஆண்டில் புகையிரதமும் நின்றது. இன்று காலைப் பேருந்துகள் யாழ்ப்பாண நகரை நோக்கியே நிறைந்து செல்கின்றன. ஆசிரியரும் அரச உத்தியோகத்தரும் ஏ9 வீதிவழியே கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் நாள்தோறும் சென்று மீள்கின்றனர். பயணத்தின் திசைகள் இவ்வாறு மாறிய பின்னரும், அம்மாற்றத்துக்கேற்ற திட்டம் எதுவும் வகுக்கப்படவில்லை.

இவையனைத்திலும் கடினமானது தீவகப் பயணம். நெடுந்தீவில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் நகரில் பேருந்தேறி, பண்ணையைக் கடந்து, வேலணையூடாக வாணர் தாம்போதி வழியே புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காகக் காத்திருக்கின்றார். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அலை படகின் விளிம்பைத் தாண்டித் தெறிக்க, ஒரு கையால் சேலைத் தலைப்பையும் மறுகையால் மாணவரின் பயிற்சிக் கொப்பிகள் நிறைந்த பையையும் பற்றியவாறு அவர் அமர்ந்திருப்பார். பாடசாலை 7.30க்குத் தொடங்கும் இந்நாட்டில், அவர் வகுப்பறையை அடையும் நேரத்தைத் தீர்மானிப்பவை பேருந்தும் படகும் காற்றுமே. பிற்பகலிலோ, படகைத் தவறவிட்டால் அன்றிரவு தீவிலேயே தங்க நேரும் என்ற கவலை கடைசிப் பாடத்தையும் குறுக்கிவிடுகின்றது. கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்த மறுநாளே இடமாற்றம் கோருவோரைக் கடிந்துகொள்வது எளிது; அக்கோரிக்கையைத் தோற்றுவிக்கும் வழிநடைத் துன்பத்தைக் களைவதே ஆட்சியாளரின் வேலை.

இம்மண்ணில் பயணத்தின் விலையை நாம் அறியாதவர்களல்லர். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில், அன்றாட அலுவல்களுக்காகக் கடல் கடந்த மக்கள் பச்சைக் குழந்தைகளோடு வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த 1990களின் முற்பகுதியில், கிளாலிக் கடல்நீரேரியை இருளில் வள்ளங்களிற் கடந்தோர் உயிரைப் பணயம் வைத்தே சென்றனர். 2002இல் திறக்கப்பட்ட ஏ9 வீதி 2006இல் மீண்டும் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் திரும்பி வருவதற்கு 2014 ஒக்ரோபர் வரை காத்திருந்தோம். இத்தனைக்கும் ஈடுகொடுத்துப் பணியாற்றிய ஒரு சமூகத்துக்கு, போர் ஓய்ந்து இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஒழுங்கான பேருந்தையும் பாதுகாப்பான படகையும் கொடுக்க இயலாமைக்கு எக்காரணமும் பொருந்தாது.

குறையின் வேர் நிருவாகத்தில் உள்ளது. 1958இல் பேருந்துச் சேவைகள் அரசுடைமையாக்கப்பட்ட மரபில் வந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை நடுவண் அரசின் கீழ் இயங்குகின்றது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பேருந்துகளுக்கு வழியனுமதி வழங்குவது மாகாணத்தின் பொறுப்பு. கடற்பயணம் இவ்விரண்டிற்கும் புறம்பானது. ஆகவே பேருந்து வரும் நேரத்தைப் படகு அறியாது. படகு கரைசேருமுன் பேருந்து புறப்பட்டுவிடினும் கேட்பாரில்லை. இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கியிருக்க வேண்டிய வடக்கு மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்ரோபரில் முடிவுற்றது.

அரச பேருந்துக்கும் தனியார் பேருந்துக்கும் இடையிலான நேரப் பூசல்கள் செய்திகளாகின்றன. அப்பூசல்களிடையே வீதியோரம் காத்துநிற்பவர் செய்தியாவதில்லை. நகரத்துப் புடவைக்கடைகளிற் பணிபுரியும் இளம்பெண்கள், கடைக் கதவு சாத்தப்பட்ட பின்னரே வெளியேறுகின்றனர். உட்கிராமங்களுக்கான கடைசிப் பேருந்து அதற்கு முன்னரே போய்விட்டிருக்கும். வருவாய் குறைந்த நேரத்தில் ஓட்டுவது கட்டுப்படியாகாது என்பது உரிமையாளரின் கணக்கு. அக்கணக்கை நாம் பழிக்கவில்லை. அதனைப் பொதுப்பணத்தால் ஈடுசெய்வதற்காகவே அரசு இருக்கின்றது. இவ்வுதவி இல்லாத இடத்தில், உழைப்பவர் தவணைக்கடனில் உந்துருளி வாங்கி, போக்குவரத்தின் முழுச் சுமையையும் தம் சொற்ப ஊதியத்தின்மேல் ஏற்றிக்கொள்கின்றார். 2022இல் எரிபொருள் அற்றுப்போனபோது அவர்களுட் பலர் மிதிவண்டிக்குத் திரும்பியதை ஊரே கண்டது.

வீதிகள் திறக்கப்படும் முறையிலும் இதே மறதியைக் காண்கின்றோம். முப்பத்தைந்து ஆண்டுகள் மூடப்பட்டிருந்த பலாலி வீதியின் பகுதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரையே செல்லலாம் என நிபந்தனை விதிக்கப்பட்டது. ஐந்து மணிக்குப் பின் வேலை முடித்து வருபவர் அந்நிபந்தனையை வகுத்தோரின் எண்ணத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

தரைக்கும் கடலுக்கும் பொதுவான ஒரே நேர அட்டவணை வகுக்கப்பட வேண்டும். குறிகட்டுவானில் கடைசிப் படகு கரைசேரும் வரை பேருந்து காத்திருத்தல் அவ்வட்டவணையின் கட்டாய விதியாக வேண்டும். நகரிலிருந்து வடமராட்சி கிழக்கு, தென்மராட்சி, தீவகம் ஆகிய பகுதிகளுக்கு இரவுச் சேவையொன்று, நட்டம் நேரினும், அரச செலவில் ஓட வேண்டும். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருப்பதைப் புறப்படுமுன் உறுதிசெய்யும் அலுவலர் இறங்குதுறையில் நிற்க வேண்டும். ஆளுநர் செயலகமும் மாவட்டச் செயலகமும் போக்குவரத்துச் சபையும், அவ்வழியே நாள்தோறும் செல்லும் ஆசிரியரையும் தாதியரையும் கடைப் பணியாளரையும் உடனிருத்தி, அடுத்த சோளகம் தொடங்குமுன் இவ்வட்டவணையை எழுதி முடிக்குமாறு வேண்டுகின்றோம்.