பச்சையாகத் தின்ன நாம் ஆடா, மாடா?

தோழிகளே, கல்யாண வீடோ காதுகுத்தோ, நாலு பெண்கள் கூடினால் "உங்க வீட்டுக்காரருக்கும் சுகராமே?" என்ற பேச்சு வராமல் இருப்பதில்லை. டாக்டர் காய்கறி சேர்க்கச் சொன்னதும் வெள்ளரி, கேரட், தக்காளியை வட்ட வட்டமாக நறுக்கி அவருக்கு மட்டும் ஒரு தட்டில் வைக்கிறோம். அதற்குப் பெயர் சாலட்! அவரும் ரெண்டு துண்டு கடித்துவிட்டு, "பச்சையாத் தின்ன நான் என்ன ஆடா, மாடா?" என்று தட்டை நகர்த்தி விடுகிறார்.

உப்பு சப்பில்லாமல் கொடுத்தால் யார்தான் தின்பார்கள்? பச்சையாகச் சாப்பிடுவது நமக்குப் புதுசில்லையே. ராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு பயத்தம்பருப்பு ஊறவைத்து கோசுமல்லி செய்கிறோம். (செட்டிநாட்டுப் பக்கம் கோசமல்லி என்றால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய், அது வேறு சங்கதி!) இலங்கைத் தமிழர் வீடுகளில் வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து சம்பல் செய்கிறார்கள். இதற்கெல்லாம் மணம் கொடுப்பது பச்சை இலைதான்.

அந்த இலை வீட்டில் வளர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறது என்று கேரள அரசு கெடுபிடி செய்தது ஞாபகம் இருக்கும். ஐரோப்பிய நாடுகளும் இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையைத் தனியாகச் சோதிக்கிறார்கள். குழம்பில் போட்ட கறிவேப்பிலையையாவது ஒதுக்கி வைத்து விடுகிறோம். பச்சையாக அரிந்து போட்டால் அப்படியே வயிற்றுக்குள் அல்லவா போகும்?

"எங்க வீட்ல ஏது இடம்?" என்பீர்கள். வாசல் முழுக்க சிமெண்ட் பூசிவிட்டோம், வாஸ்தவம்தான். உடைந்த பிளாஸ்டிக் வாளி போதும். அடியில் ஓட்டை மட்டும் வேண்டும். மளிகைக்கடை தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் பத்து, பதினைந்து நாளில் முளைத்துவிடும். சித்திரை வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும் என்பதால் அப்போது நிழலில் வையுங்கள். புதினாவில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை நட்டால் போதும். ஓமவல்லிக்கு ஒரு கிளை ஒடித்து வைத்தால் அதுபாட்டுக்கு வரும். நம்ம பக்கம் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்ததுதானே. அரிசி களைந்த தண்ணீரே இவற்றுக்கு ஓடும். ஆனால் சாக்கடைத் தண்ணீர் பாயும் இடத்தில் வளர்ந்த வல்லாரையை மட்டும் பச்சையாகத் தின்னாதீர்கள். கிருமி, பூச்சி எல்லாம் அதோடு வரும்.

இன்னொன்று. இதெல்லாம் அவருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தானா? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கடைசியாக உட்கார்ந்து, மீந்ததை வழித்துச் சாப்பிடுகிறவர்கள் நாம்தானே! நாலு கொத்தமல்லி இலை ரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று நான் புளுக மாட்டேன். அதற்கு முருங்கைக்கீரையும் வேண்டும், டாக்டர் சொன்னால் மாத்திரையும் வேண்டும். ஆனால் கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி உதவும். அது கொதிக்க வைத்தால் பெருமளவு போய்விடும். எலுமிச்சை பிழிந்த பச்சை இலையைச் சோற்றோடு சாப்பிட்டால் போகாது. அதனால் கோசுமல்லி செய்தால் முதலில் நம் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பரிமாற வேண்டும் என்பேன். மாமியார் ஒரு மாதிரி பார்த்தால் அவருக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள். அவரும் காலமெல்லாம் மீந்ததைச் சாப்பிட்டவர்தான்.

பல் இல்லாதவர்களுக்கு ஓமவல்லி பச்சடி தோது. அஞ்சாறு இலையை நன்றாகக் கழுவி, தேங்காய், பச்சை மிளகாய், சீரகத்தோடு அரைத்து, கெட்டித் தயிரில் கலந்து உப்புப் போட்டால் ஆயிற்று. எங்கள் பெரம்பலூர் சின்ன வெங்காயம் நாலு அரிந்து தூவினால் இன்னும் ஒரு கரண்டி கேட்பார்கள்.

- ஓர் இல்லத்தரசி, பூலாம்பாடி, பெரம்பலூர் மாவட்டம்.