லைட்டை அணைப்பா தம்பி!

போன வாரம் விடியற்காலையில் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போயிருந்தேன். மீனவர் வாழ்க்கை பற்றி இரண்டு நிமிட வீடியோ எடுக்கும் வேலை. கரையில் ஃபைபர் படகு பக்கத்தில் உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் முகத்துக்கு நேராக என் எல்.இ.டி லைட்டைப் பிடித்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்: "லைட்டை அணைப்பா தம்பி. பத்து நிமிஷம் பொறு, சூரியன் வந்துடும்."

பொறுத்தேன். கடலுக்கு மேலே வெளிச்சம் ஏறியதும் அவர் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அப்போது நினைவுக்கு வந்தவர் பாலுமகேந்திரா. கிடைக்கும் வெளிச்சத்தையே நம்பிப் படமெடுத்தவர் அவர்.

இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் 1939-ல் பிறந்தவர். சிறுவயதில் பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீனின் படப்பிடிப்பைப் பார்த்த நாளிலேயே சினிமா ஆசை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, 1969-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். முதல் படம் மலையாளத்தில், 'நெல்லு'. அதற்கே கேரள அரசின் விருது. 'முள்ளும் மலரும்', 'சங்கராபரணம்', மணிரத்னத்தின் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி' எல்லாம் அவர் கேமராதான். அவரே இயக்கிய 'கோகிலா', 'மூன்றாம் பிறை' இரண்டுக்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது.

விருதுகளைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. 'வீடு' படத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொந்தமாக ஒரு வீடு கட்டப் போராடும் பெண்ணின் கதை. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கித் தந்த படம். அதன் நெகட்டிவ் இன்று இல்லை என்று பாலுமகேந்திரா மேடைக்கு மேடை வருந்தினார். 'சந்தியாராகம்' படத்துக்கும் அதே கதி. தேசிய விருது வாங்கிய படங்களுக்கே இந்த நிலை! தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க இங்கே ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். 2014 பிப்ரவரி 13-ல் போய்விட்டார்.

ஃபிலிம் சுருள் சூட்டிலும் ஈரத்திலும் கெட்டுப்போகும். குளிர்ந்த, ஈரமில்லாத அறையில் வைத்துப் பராமரிக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அதைவிட, 'இது நம் சொத்து' என்ற நினைப்பு வேண்டும்.

பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி எல்லோரும் அவரிடம் பாடம் படித்தவர்கள். அவர் பார்வை அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது. அவர் பதிந்த வெளிச்சத்தைத்தான் நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

குப்பத்திலிருந்து கிளம்பும்போது என் போனில் இடம் இல்லை. வழக்கமாக, வீடியோவை எடிட் செய்து ஏற்றியதும் மூலப் பதிவை அழித்துவிடுவேன். அன்று ஆபீஸ் வந்ததும் முதல் வேலையாக அந்தப் பெரியவரின் பதிவு முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, தேதி எழுதி ஒட்டினேன்.

உங்கள் வீட்டிலும் பழைய கல்யாண கேசட் ஒன்று பரணில் கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கீழே இறக்குங்களேன்.