காசு இருந்தா விசா, 40 வருஷம் இருந்தா அகதியா?

"50 வயசுல வேலையை விட்டுட்டு வெளிநாட்டுல செட்டில் ஆகுறது எப்படி?"னு ரீல்ஸ் போட்டுத் தள்ளுறாங்க. தாய்லாந்தா? 50 வயசு முடிஞ்சிருக்கணும், பேங்க்ல 8 லட்சம் பாட் காட்டணும். சவூதியா? 8 லட்சம் ரியால் கட்டினா காலத்துக்கும் தங்கலாம். இலங்கைகூட 55 தாண்டின வெளிநாட்டுக்காரங்களுக்கு 'மை ட்ரீம் ஹோம்'னு ஒரு விசா வச்சிருக்கு. போறவங்க தாராளமா போகட்டும், நமக்கென்ன வயித்தெரிச்சல்!

நம்ம கேள்வி வேற. அதே இலங்கையில இருந்து 1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தவங்களுக்கு இந்தியா கொடுத்த விசா என்ன?

ஒண்ணும் இல்ல.

நம்ம திண்டுக்கல் பக்கத்துல தோட்டனூத்து. 2022 செப்டம்பர்ல மாநில அரசு அங்க 321 வீடு கட்டித் திறந்துச்சு. வீடு வந்திருச்சு. நாடு? அது டெல்லி கையில இருக்கு.

'நீண்டகால விசா'ன்னு ஒண்ணு ஒன்றிய அரசுகிட்ட இருக்கு, எல்.டி.வி.ம்பாங்க. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த சிறுபான்மையினருக்குக் கிடைக்குது. அது கையில இருந்தா தனியார் வேலைக்குப் போகலாம், குடியிருக்க வீடு வாங்கலாம், லைசென்ஸ் எடுக்கலாம், பிறகு குடியுரிமைக்கும் மனு போடலாம். கொடுத்ததைத் தப்புன்னு சொல்லல. துரத்தப்பட்டு வந்தவங்களுக்குக் கொடுக்கத்தான் வேணும். ஆனா படகேறி ராமேஸ்வரத்துல இறங்கின தமிழன் இந்து இல்லையா? கிறிஸ்தவன் இல்லையா? 2019 சி.ஏ.ஏ. லிஸ்ட்லயும் இலங்கைக்கு இடமில்ல. ஏன்?

2025 செப்டம்பர்ல ஒரு ஆணை வந்ததே, அதைச் சிலபேர் வெடி போட்டுக் கொண்டாடினாங்க. படிச்சுப் பாருங்க. 2015 ஜனவரி 9க்குள்ள வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர்கிட்ட பாஸ்போர்ட், விசா இல்லைன்னாலும் தண்டனை கிடையாதாம். அதாவது, 'ஜெயில்ல போட மாட்டோம், இருந்துக்கோ'. இதுக்குப் பேரு உரிமையா?

இதுல இன்னொரு கொடுமை. சட்டப்படி 1987 ஜூன் 30 வரைக்கும் இந்தியாவுல பிறந்தவங்க பிறப்பாலேயே குடிமக்கள். மறுநாள் பிறந்தா அப்பா அம்மாவுல ஒருத்தராவது குடிமகனா இருக்கணும். ஒரே முகாம்ல, ஒரே குடும்பத்துல அக்கா இந்தியர், தம்பி அகதி! அந்தத் தம்பி இன்ஜினியரிங் முடிச்சுட்டு இன்டர்வியூக்குப் போனா, பாஸ்போர்ட் கேக்குற இடத்துலயே கதை முடிஞ்சுது. கூடப் படிச்ச நமக்கு ஆன்சைட், அவனுக்கு பெயின்ட் வேலை.

'வந்தேறி'ன்னு கமெண்ட் போட ரெடியா இருக்குற அண்ணன்களுக்கு: 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 மலையகத் தமிழர்களை ஏத்துக்கிறோம்னு கையெழுத்துப் போட்டதே டெல்லிதான். அந்த வம்சாவளியினர் பலர் இன்னைக்கும் முகாம்ல இருக்காங்க. அவங்க பாட்டன் பூட்டன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனது எங்கிருந்து? மதுரை, திருச்சி, ராமநாதபுரம் ஜில்லாக்கள்ல இருந்தும்தான். 1985 வரைக்கும் திண்டுக்கல்லும் மதுரை ஜில்லாதான் அண்ணே.

இலங்கைத் தமிழருக்கும் நீண்டகால விசா கொடு! இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடு!

உங்க ஏரியா குரூப் எல்லாத்துலயும் இதைப் போடுங்க. முகாம்ல இருக்குறவங்களுக்கு ஓட்டு இல்ல, நமக்கு இருக்கு.

#இலங்கைத்தமிழருக்குக்குடியுரிமை