டியூப் லைட்டை மறைக்கும் 'உபயம்': விளம்பரத்துக்கு எது சரியான இடம்?

ஊர்க் கோயில் டியூப் லைட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒரு பழைய கிண்டல் உண்டு. லைட் வாங்கிக் கொடுத்தவர் அதன் மேலேயே 'உபயம்' என்று ஆரம்பித்து தன் பெயர், அப்பா பெயர், கடைப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் பெயின்ட்டில் எழுதிவிடுவார். அப்புறம் வெளிச்சம் எங்கே வரும்? கொடுத்தது லைட், கிடைத்தது இருட்டு.

செல்போனில் தமிழ்க் கட்டுரை படிக்கிற பலருக்கு இன்று இதே அனுபவம்தான். நாலு வரி படித்ததும் ஒரு விளம்பரம் திரையை மூடுகிறது. மூடுவதற்கான 'எக்ஸ்' குறி கடுகு அளவில் ஒரு மூலையில் இருக்கிறது. அதைத் தொடப்போனால் கை தவறி விளம்பரத்தின் மேல் படுகிறது. வேறு எங்கோ போய் நிற்கிறோம். திரும்பி வந்தால் படித்த இடம் காணோம். "போங்கப்பா" என்று பக்கத்தை மூடிவிடுகிறோம்.

இதற்கு விளம்பரமே வேண்டாம் என்பது பதில் அல்ல. சந்தா கட்டாமல் படிக்கக் கிடைக்கும் தமிழ் எழுத்தில் பெரும்பகுதிக்கு விளம்பரம்தான் சோறு போடுகிறது. கேள்வி, அதை எங்கே, எந்த அளவில், என்ன அடையாளத்தோடு வைப்பது என்பதுதான். இதற்கான விடையைத் தேடி வெளிநாட்டு வடிவமைப்புப் பாடங்களுக்குப் போகும் முன், திண்டுக்கல்லில் ஒரு வீட்டுச் சுவரைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

காலண்டர் ஏன் உறுத்துவதில்லை?

பூட்டுக் கடை, நகைக் கடை, ஜவுளிக் கடை, உரக் கடை என ஏதோ ஒரு கடை கொடுத்த தினசரிக் காலண்டர் இல்லாத வீடு திண்டுக்கல் பக்கம் அபூர்வம். பெரும்பாலும் சிவகாசியில் அச்சானதாக இருக்கும். மேலே அட்டையில் சாமி படம், அதன் கீழே கடையின் பெயரும் போன் நம்பரும். அதற்கும் கீழே கிழிக்கிற தாள்: பெரிய எழுத்தில் தேதி, சின்ன எழுத்தில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம்.

யோசித்துப் பார்த்தால் இது 365 நாளும் வீட்டுக்குள் தொங்குகிற விளம்பரம். ஆனாலும் யாரும் எரிச்சலோடு கழற்றி வீசுவதில்லை. அடுத்த தை பிறக்கும் முன் கடைக்குப் போய் "இந்த வருஷக் காலண்டர் இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டு வாங்கி வருகிறார்கள்.

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, கடையின் பெயருக்கு நிலையான இடம் இருக்கிறது. தேதிக்குத் தனி இடம் இருக்கிறது. கடைப் பெயரைக் கிழித்தால்தான் தேதி தெரியும் என்ற நிலை இல்லை. இரண்டு, அது விளம்பரம் என்பதை மறைக்கவில்லை. ராகு காலத்துக்கு நடுவே 'இந்த நேரத்தில் நகை வாங்கலாம்' என்று சந்தடி சாக்கில் எதுவும் எழுதவில்லை. மூன்று, வாங்கிக்கொண்டவருக்கு அது தினமும் பயன்படுகிறது. அந்தப் பயனோடு சேர்ந்தே கடையின் பெயரும் மனதில் நிற்கிறது.

இடம், அடையாளம், பயன். வடிவமைப்பு படிக்காத அச்சகத்துக்காரர்களும் கடைக்காரர்களும் பழக்கத்தில் கண்டுபிடித்த விதிகள் இவை.

சுவரிலிருந்து கற்க வேண்டியது

திண்டுக்கல்லில் இருந்து நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் சாலையோரச் சுவர்களில் சிமென்ட், கம்பி, ஜவுளி விளம்பரங்கள் கண்ணில் படும். தேர்தல் நெருங்கினால் கட்சிகள் சுவரை 'ரிசர்வ்' செய்துவிடும். நல்ல பெயின்டர் சுவரின் அகலத்தைப் பார்த்து எழுத்தின் அளவை முடிவு செய்வார்; ஜன்னலையும் வாசலையும் விட்டுவிடுவார். கையால் எழுதியது என்பதால் சுவரின் கோணல்கூட எழுத்துக்குள் அடங்கிவிடும்.

அதே சுவர்களில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்ற வாசகமும் இருக்கும். கேட்டுவிட்டு எழுதினால் சம்மதிக்கிற அதே வீட்டுக்காரர், ராத்திரியோடு ராத்திரியாக வந்து ஒட்டிவிட்டுப் போனால் கோபப்படுகிறார். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1959-லேயே ஒரு சட்டம் வந்ததும் இந்தக் கோபத்தைப் புரிந்துகொண்டுதான்.

எந்தப் பொருளுக்கு விளம்பரம் என்பதும் முக்கியம். வேடசந்தூரில் புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையமே அமைந்த அளவுக்குப் புகையிலையோடு பழகிய மாவட்டம் இது. ஆனால் 2003-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் புகையிலைப் பொருட்களின் விளம்பரத்துக்குத் தடை போட்டது. எவ்வளவு அழகாக வரைந்தாலும் சில விளம்பரங்களுக்குச் சுவரில் இடம் கிடையாது. சூதாட்ட ஆப், ஐந்து நிமிடக் கடன், ஒரே வாரத்தில் சர்க்கரை நோயை விரட்டும் மருந்து என்று செல்போனில் வந்து விழும் விளம்பரங்களை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். பக்கத்தை நடத்துகிறவர் 'கூகுள் போட்டது, எனக்குத் தெரியாது' என்று ஒதுங்க முடியாது. எந்தெந்த வகை விளம்பரம் வேண்டாம் என்று தடுத்து வைக்கும் வசதியை கூகுள் ஆட்சென்ஸ் அவருக்கே கொடுத்திருக்கிறது.

வழியில் போகிறவரை மறந்துவிட்டு விளம்பரம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொடுமையான உதாரணம் 2019 செப்டம்பர் 12. சென்னை பள்ளிக்கரணையில் அனுமதி இல்லாமல் வைத்த பேனர் சரிந்து விழ, ஸ்கூட்டரில் வந்த 23 வயது இளம்பெண் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி உயிரிழந்தார். ஓர் உயிர் போனதையும் செல்போன் எரிச்சலையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கிற மனப்பான்மை ஒன்றுதான்: 'என் பெயர் தெரிந்தால் போதும், அந்த வழியாக வருகிறவர் எப்படியோ போகட்டும்.'

திரையைக் கெடுத்தது எது?

இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்களில் புகழ்பெற்றது 1994 அக்டோபரில் அமெரிக்காவின் 'ஹாட்வயர்டு' தளத்தில் வந்த ஏடி அண்ட் டி நிறுவனத்தின் விளம்பரம். பக்கத்தின் மேல் ஒரு பட்டை, அவ்வளவுதான். திடீரென்று குதித்து வரும் 'பாப்-அப்' பின்னாளில் வந்தது. அது பிறந்த கதை வேடிக்கையானது. 'ட்ரைபாட்' தளத்தில், ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் பொருத்தமில்லாத பக்கம் ஒன்றில் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தோடு ஒட்டாமல் இருக்கட்டும் என்று விளம்பரத்தைத் தனி ஜன்னலில் திறக்க வைத்தார் அங்கே வேலை பார்த்த ஈதன் ஸக்கர்மேன். நல்ல எண்ணத்தில் செய்தது எங்கேயோ போய் முடிந்தது. 2014-ல் அதற்காக அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

மக்கள் விளம்பரத் தடுப்பு மென்பொருளைத் தேடிப் போன பிறகுதான் விளம்பரத் துறைக்கே உறைத்தது. கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்த 'கோயலிஷன் ஃபார் பெட்டர் ஆட்ஸ்' அமைப்பு 2017-ல் சில வரையறைகளை வெளியிட்டது. செல்போனில் பாப்-அப், சத்தத்தோடு தானே ஓடும் வீடியோ, கண் கூசும்படி மின்னும் படம், கட்டுரைக்கு முன்னால் திரையை அடைத்து நிற்கும் விளம்பரம் ஆகியவை அந்தத் தரத்துக்குக் கீழே உள்ளவை. பக்கத்தில் படிக்க வேண்டிய பகுதியின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருப்பதும் அப்படியே. இவற்றைத் தொடர்ந்து மீறும் தளங்களில் விளம்பரங்களைத் தடுக்கும் ஏற்பாடு 2019 ஜூலை 9 முதல் உலகம் முழுவதும் குரோம் பிரவுசரில் நடைமுறைக்கு வந்தது.

தமிழுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சாதாரண செல்போனில் ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொற்கள்தான் அடங்கும். ஒரு பத்தியே பாதித் திரையைப் பிடித்துவிடும். இங்கே பத்திக்கு ஒரு விளம்பரம் வைத்தால், வாக்கியம் மனதில் சேர்வதற்குள் அறுந்துவிடுகிறது. 30 சதவீதம் என்பது உச்ச வரம்பு. அதைத் தொட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பணம் கொடுக்கிற கடைக்காரருக்கும் நஷ்டம்

'கண்ணில் குத்தினால்தானே பார்ப்பார்கள்' என்பது வழக்கமான வாதம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடைக்காரர் ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 100 கிளிக், 500 ரூபாய். அதில் 40 பேர் 'எக்ஸ்' குறியைத் தேடி கை தவறித் தொட்டவர்கள் என்றால் 200 ரூபாய் தண்டம். விளம்பர நிறுவனங்கள் இப்படிப்பட்ட கிளிக்குகளை ஓரளவு வடிகட்டுகின்றன. எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது. அந்த 40 பேருக்கும் பூட்டு வேண்டாம். அதோடு, எரிச்சல் வந்த நேரத்தில் கண்ணில் பட்ட பெயர் அந்தக் கடையின் பெயர்தான். காசும் கொடுத்து கெட்ட பெயரும் வாங்கிய கதை.

ஆகவே நாகரிகமான விளம்பரம் என்பது வாசகருக்குக் காட்டும் கருணை என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. முதலில் காப்பாற்றப்படுவது விளம்பரம் கொடுத்தவரின் பணம்.

செய்தி வேஷம் போட்டால்?

நாகரிகம் என்ற பெயரில் இன்னொரு பக்கம் வழுக்கி விழுகிற ஆபத்தும் இருக்கிறது. 'உறுத்தாமல் இருக்கட்டும்' என்று விளம்பரத்தையே கட்டுரை மாதிரி எழுதிவிடுவது. எழுத்துரு ஒன்று, நிறம் ஒன்று, தலைப்பு நடை ஒன்று. கடைசி வரி படிக்கும்போதுதான் யாரோ காசு கொடுத்து எழுத வைத்தது என்று புரியும். சில நேரம் அப்போதும் புரியாது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது செய்தி. 'இந்தக் கடையில் கிடைப்பதுதான் அசல் திண்டுக்கல் பூட்டு' என்று காசு வாங்கிக்கொண்டு எழுதினால் அது விளம்பரம். இரண்டையும் ஒரே தோற்றத்தில் வைத்தால் வாசகர் அடுத்த முறை செய்தியையும் நம்ப மாட்டார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகையான இணைய ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. வேறொன்றைப் போல வேஷம் போட்டு வரும் விளம்பரமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. செய்தியிலிருந்து விளம்பரம் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும் என்பது பிரஸ் கவுன்சிலின் நெறிமுறையும்கூட.

பக்கத்தின் அழகோடு பொருந்தலாம். ஆனால் 'விளம்பரம்' என்ற சொல் தமிழில், படிக்கிற அளவில், மேலேயே இருக்க வேண்டும். வெளிர் சாம்பல் நிறத்தில் எறும்பு அளவு எழுத்தில் போட்டால் கணக்கில் வராது.

என்ன செய்யலாம்?

விளம்பரத்துக்கான கட்டத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். இடம் ஒதுக்காமல் விட்டால், விளம்பரம் தாமதமாக வந்து சேரும்போது எழுத்தெல்லாம் கீழே குதிக்கும். படிக்கிறவர் தொட நினைத்தது ஒன்று, தொட்டது ஒன்று ஆகிவிடும். இந்தக் குதிப்பை கூகுளே அளந்து பார்க்கிறது; அளவு 0.1-க்குள் இருந்தால்தான் நல்லது என்கிறது.

முதல் இரண்டு மூன்று பத்திகளை விளம்பரம் இல்லாமல் விட்டுவிடலாம். ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் வைக்கலாம். 'அடுத்த பக்கம்', 'டவுன்லோட்' பட்டன்களுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. சாலை விபத்துச் செய்திக்குக் கீழே பைக் விளம்பரம் வருகிறதா என்று ஒரு மனிதக் கண் பார்க்க வேண்டும்.

'இப்படியெல்லாம் பார்த்தால் வருமானம் எங்கே?' என்ற கேள்வி நியாயமானது. ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்ததே 2018 பிப்ரவரியில்தான். ஆங்கிலப் பக்கங்களுக்குக் கிடைக்கும் விலை தமிழுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. விலை குறைவு என்பதற்காக எண்ணிக்கையைக் கூட்டினால் வாசகர் குறைவார். வாசகர் குறைந்தால் இன்னும் கூட்ட வேண்டிவரும். இந்தச் சுழலில் இருந்து வெளியே வர ஒரு வழி, உள்ளூர்க் கடைகளிடம் நேரடியாகப் பேசுவது. மாதத்துக்கு இவ்வளவு, இந்தக் கட்டம் உங்களுடையது, வேறு யாரும் வர மாட்டார்கள் என்ற ஏற்பாடு. சின்னாளபட்டி சேலையைப் பற்றி எழுதும் பக்கத்தில், 'விளம்பரம்' என்ற தலைப்போடு அதே ஊர்க் கடை ஒன்றின் கட்டம் இருந்தால் வாசகருக்கு அது தொந்தரவு ஆகாது. பாதிப் பேர் போன் நம்பரைக் குறித்துக்கொள்வார்கள்.

வாசகர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. விளம்பரத் தடுப்பானைப் பொத்தாம்பொதுவாக எல்லாப் பக்கத்துக்கும் போட்டுவிட்டால், ஒழுங்காக நடந்துகொள்கிற பக்கமும் சேர்ந்தே பட்டினி கிடக்கும். மரியாதையாக விளம்பரம் வைக்கிற தளங்களுக்கு மட்டும் அதை அணைத்து வைக்கலாம். பெரும்பாலான தடுப்பான்களில் அந்த வசதி உண்டு. மோசடி விளம்பரம் கண்ணில் பட்டால் மூலையில் உள்ள குறியைத் தொட்டுப் புகார் சொல்ல அரை நிமிடம் போதும்.