நகரத்தைக் கலைத்தால் நரகம்!

"வேலை வெட்டி இல்லாதவங்க விளையாட்டு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். செய்துவிட்டுப் போகட்டும், நாங்கள் நிறுத்துவதாக இல்லை.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் இங்கிலீஷ் மீடியம். 'லிசன்' என்ற வார்த்தையின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'சைலண்ட்' வரும் என்று ஒருநாள் என் மாமியாரிடம் எழுதிக் காட்டினாள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர், பாவம், விழித்தார். "தமிழ்ல இதெல்லாம் வராது அப்பத்தா" என்றாளே பார்க்கணும்! எனக்குச் சுருக்கென்றது. அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. "ஏன் வராது? ரசத்துல முதல் ரெண்டு எழுத்தை மாத்திப் போடு, பூச்சரத்துல வர்ற சரம்" என்றேன்.

"அப்படிப் பார்த்தா ரதத்துக்குத் தரம் வருதே கண்ணு" என்றார் மாமியார் உடனே. மாசி மகத்துக்கு அரங்கநாதர் தேர் பார்த்தே வளர்ந்தவர், அவருக்கு வேறென்ன தோன்றும்!

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் இதுதான். இரண்டு வார்த்தையும் வருகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லணும். "மழை நாள்ல வாசல்ல கோலம் போடறது சவால்" என்றேன் நான். "காந்திபுரம் போய்ட்டு வந்தா நகரமே நரகமுங்க" என்றார் மாமியார். கதவு - தகவு, கலசம் - சகலம் என்று சேர்ந்துகொண்டே போகிறது. மகள் நம்ம ஊரையே கலைத்துவிட்டாள்: காரமடை, மர காடை! பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "கோவையைத் திருப்பினா வைகோ" என்று சொன்னவர் யார் தெரியுமா? கேலி செய்த அதே மனுஷர்தான்.

இங்கிலீஷில் 26 எழுத்து. தமிழில் 247. 'வை' என்றால் அதை உடைக்க முடியாது, அப்படியே தூக்கித்தான் வைக்கணும். அதனால் சுலபத்தில் அமையாது. 'கலவை, கவலை' என்று மகள் குதித்தாள். "ரெண்டும் வேற மாதிரியில்ல முடியுது" என்று காதாலேயே கண்டுபிடித்தார் மாமியார். எழுதிப் பார்த்த பிறகுதான் மகளுக்கு வித்தியாசம் புரிந்தது. தமிழ் நோட்டில் நாங்கள் எத்தனை தடவை அதட்டியும் நிற்காத 'லை'யும் 'வை'யும் அன்றைக்கு நின்றுவிட்டன.

தமிழில் மார்க் குறைந்தால் டியூஷன் வைக்கிறோமே தவிர, தமிழை வைத்து வீட்டில் விளையாடுகிறோமா? ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர், பின்னாலிருந்து படித்தாலும் அதே பாட்டாக வரும் மாலைமாற்றுப் பதிகம் பாடியிருக்கிறார். இப்படிப்பட்ட சித்திரகவிகளுக்குத் தண்டியலங்காரத்தில் இலக்கணமே உண்டு. அவர்களெல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்களா, சொல்லுங்கள்!

முன்பெல்லாம் "சாப்டியா, தூங்கலையா" என்பதற்கு மேல் பாட்டிக்கும் பேத்திக்கும் பேச்சே இருக்காது. இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் "அப்பத்தா, இன்னிக்கு ஒண்ணு கண்டுபிடிச்சேன்" என்றுதான் ஓடுகிறாள்.

மாமியார் மூன்று நாளாக 'மருதமலை'யைக் கலைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் அமைய மாட்டேன் என்கிறது. தோழியர் யாருக்காவது பிடிபட்டால் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, காரமடை.