தங்கவயல் வகுப்பறைக்கு நாவலாசிரியர்கள் வரட்டும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. அதன் பிறகு அந்த ஊருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயில்களில் விடியுமுன்னே ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். சுரங்க வேலைக்காக வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் பெங்களூரில் வன்முறை வெடித்தபோது, வேலைக்குப் போனவர் பத்திரமாகத் திரும்புவாரா என்பதே இந்தக் குடும்பங்களின் கவலையாக இருந்தது. அதற்கும் முன்னால், 1982இல், பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் தரச் சொன்ன கோகாக் அறிக்கைக்கு எதிரான போராட்டத்தின்போது தங்கவயலிலேயே துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இப்படிப்பட்ட ஊரில் அமைதியை நீதிபோதனை வகுப்பின் நாலு நல்ல வாக்கியங்களோடு முடித்துவிடக் கூடாது. தங்கவயலின் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளும் கன்னடப் பிள்ளைகளும் ஒரே நாவலை அவரவர் மொழியில் வாசிக்க வேண்டும். அதை எழுதியவரும் மொழிபெயர்த்தவரும் வகுப்பறைக்கு வந்து அவர்களோடு பேச வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

நாவல் படித்தால் பகை போய்விடுமா என்று கேட்பவர்களுக்கு மழுப்பலில்லாத பதில் சொல்ல வேண்டும். இலக்கியத் தரமுள்ள புனைகதையைச் சிறிது நேரம் வாசித்தாலே பிறர் மனத்தை உணரும் திறன் கூடுகிறது என்று 2013இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதே சோதனையைப் பின்னர் செய்து பார்த்த வேறு ஆய்வாளர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இத்தாலியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. ஹாரி பாட்டர் கதைகளில் பாகுபாட்டைப் பற்றிய பகுதிகளை வாசித்து, அவற்றைக் குழுவாகப் பேசி அலசிய பிள்ளைகளில், நாயகனோடு ஒன்றியவர்களுக்குக் குடியேறிகள் மீதிருந்த எண்ணம் மேம்பட்டது. அங்கே வாசிப்போடு பேச்சும் சேர்ந்திருந்தது. எழுத்தாளர் வகுப்புக்கு வர வேண்டும் என்று நாம் வற்புறுத்தக் காரணம் இதுவே. எழுதியவரே எதிரில் உட்கார்ந்திருந்தால் "இவர் ஏன் இப்படிச் செய்தார், நீங்கள் ஏன் இவரைக் காப்பாற்றவில்லை?" என்று பதினான்கு வயதுப் பிள்ளை தயங்காமல் கேட்கும். மதிப்பெண்ணுக்காகக் கேட்கப்படாத அந்தக் கேள்வியில்தான் அடுத்தவர் துயரத்தைப் பற்றிய யோசனை தொடங்குகிறது.

எந்த நாவல் என்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கன்னடத்தில் நேமிசந்திரா எழுதிய 'யாத் வஷேம்' இருக்கிறது. கே. நல்லதம்பியின் தமிழாக்கத்துக்கு 2022ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி பெங்களூரில் அடைக்கலம் புகுந்த ஒரு யூதச் சிறுமி, அந்த ஊர்க் குடும்பம் ஒன்றில் மகளாகவே வளர்கிறாள். முதிய வயதில், தொலைந்துபோன தன் சொந்தங்களைத் தேடிப் புறப்படுகிறாள். அந்தத் தேடல் இஸ்ரேல் வரை போகிறது. வதைபட்டவர்களே இன்னொருவரின் வதையைக் காணாமல் இருக்கலாமா என்ற கேள்வியை நாவல் அங்கே எழுப்புகிறது. தங்கவயல் வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடைப்பது அரிது. பிழைக்க வந்த இடத்தில் வேர்விட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சிறுமியின் நிலை சொல்லாமலே விளங்கும். அவளுக்கு வீட்டைத் திறந்துவிட்டவர்கள் தங்கள் ஊர்க்காரர்கள் என்பது கன்னடப் பிள்ளைக்குப் பெருமை தரும். அந்தப் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ளும் பொறுப்பையும் தரும். தமிழிலிருந்து ஒன்று வேண்டுமென்றால், மேல்வகுப்புகளுக்கு அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' உண்டு. 1948இல் செகந்திராபாத்தின் கலவர நாட்களில், தமிழ் பேசும் சிறுபான்மையைச் சேர்ந்த ஓர் இளைஞன் எதிர்த்தரப்பின் அச்சத்தை நேருக்கு நேர் கண்டு கூனிக் குறுகும் கதை அது. தன் சார்பில் பிறர் செய்யும் வன்முறைக்குத் தானும் வெட்கப்பட வேண்டும் என்பதை இவ்வளவு அழுத்தமாக உணர்த்திய தமிழ் நாவல்கள் மிகக் குறைவு.

இந்த மாவட்டத்தின் சொந்த மரபும் இதற்குத் துணை நிற்கிறது. 1983ஆம் ஆண்டின் ஞானபீட விருதை 'சிக்கவீர ராஜேந்திர' நாவலுக்காகப் பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கோலார் மாவட்டத்துக்காரர். வீட்டில் தமிழ் பேசியவர். கன்னடச் சிறுகதைக்கே தந்தை என்று போற்றப்படுபவர். எந்த அறிக்கையின் பெயரால் தங்கவயலில் ரத்தம் சிந்தியதோ, அந்த அறிக்கையைத் தந்த வி.கி. கோகாக்கும் நாவலாசிரியர்தான். 'சமரசவே ஜீவன', அதாவது சமரசமே வாழ்க்கை, என்பது அவருடைய பெரிய நாவலின் பெயர். இந்த இரண்டு செய்திகளையும் தங்கவயலில் படிக்கும் எந்த மொழிப் பிள்ளையும் பள்ளியிலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

கடுமையான ஆட்சேபம் தமிழர் தரப்பிலிருந்தே வரும். தமிழ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி வருகின்றன. கன்னடத்தைக் கட்டாயமாக்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உரிமை கேட்க வேண்டிய இடத்தில் நாவல் வாசிக்கச் சொல்வது வாயடைக்கும் வேலை இல்லையா? இந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. தாய்மொழியில் படிக்கும் உரிமைக்கு நாவல் வாசிப்பு ஒருபோதும் ஈடாகாது. அந்தக் கோரிக்கையை ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க நாம் சொல்லவில்லை. உண்மையில், நாம் கேட்பதைச் செய்யத் தமிழ்ப் புத்தகமும் அதை வாசித்துக் காட்டும் தமிழாசிரியரும் பள்ளியில் இருந்தாக வேண்டும். ஆங்கிலவழியில் படித்துத் தமிழ் எழுத்தே தெரியாமல் வளரும் பிள்ளைகள் தங்கவயலில் இன்று ஏராளம். வாய்விட்டு வாசித்துக் கேட்கும் வகுப்பு அவர்களை மொழியோடு மீண்டும் சேர்க்கும். 1982ஐ மறைத்துவிட்டு அமைதி பேசும் வகுப்பையும் நாம் ஏற்கவில்லை. அந்தச் சாவுகளைப் பற்றி இரு மொழிப் பிள்ளைகளும் ஒரே அறையில் பேச முடிய வேண்டும். நேராகப் பேசத் தொண்டை அடைக்கும் விஷயத்தைக் கதை வழியாகப் பேசுவது எளிது.

எழுத்தாளர்கள் வந்தால் அரசியலும் கூடவே வரும் என்று அதிகாரிகள் அஞ்சுவார்கள். 2022இல் கர்நாடகப் பாடநூல் திருத்தத்தை எதிர்த்துத் கன்னட எழுத்தாளர் தேவனூர் மகாதேவா தம் பாடத்தைச் சேர்க்க அளித்த அனுமதியையே திரும்பப் பெற்றது அவர்கள் நினைவில் இருக்கும். ஆனால் அந்தச் சர்ச்சை பிள்ளைகளுக்குத் தெரியாமல் வேறெங்கோ யாரோ எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று முடிவெடுத்ததால் வந்தது. நாம் கேட்பதோ எழுத்தாளரை எதிர்த்துக் கேள்வி கேட்கவும் பிள்ளைகளுக்கு இடம் தரும் வகுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. நெருக்கடியைக் காரணம் காட்டினால் ஒன்பதாம் வகுப்பில் தொடங்கலாம்; தேர்வு வைக்கவே வேண்டாம்.

2009 ஆகஸ்டில், பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை பெங்களூரில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு அரசுகளும் செய்த நல்ல காரியம் அது. என்றாலும் ஏழே ஆண்டுகளில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. சிலை திறப்போடு நின்றுவிட்டதுதான் குறை. வாசிப்பு தங்கவயலுக்குப் புதிதும் அல்ல. அயோத்திதாசர் நடத்தி, அவருக்குப் பின் நின்றுபோயிருந்த 'தமிழன்' இதழை 1926இல் பௌத்த அறிஞர் அப்பாதுரையார் மீண்டும் நடத்தியது இந்த ஊரிலிருந்துதான். அதைத் தாங்கிப் பிடித்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள்.

சாகித்திய அகாதெமியின் தென்மண்டல அலுவலகம் இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரில் இருக்கிறது. விருது கொடுத்த நூலைப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்ப்பதும் அதன் கடமை. கோலார் மாவட்டக் கல்வித் துறை அகாதெமியோடு பேசி, வரும் கல்வியாண்டிலேயே ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் பள்ளிகளுக்கு 'யாத் வஷேம்' நாவலின் கன்னட, தமிழ்ப் பிரதிகளை வாங்கித் தர வேண்டும். நேமிசந்திராவையும் நல்லதம்பியையும் அந்த வகுப்பறைகளுக்கு முறைப்படி அழைக்க வேண்டும்.